ரீங்காரச் சிட்டும் காட்டுப் பூக்களும்

தேன் குடிக்கும் பறவை என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பது முற்றத்துச் செம்பருத்தியில் தொங்கும் தேன்சிட்டே. அதனைச் சுட்டிக் காட்டி, "அதோ பார், ஹம்மிங் பறவை!" என்று பெரியவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரண்டும் சிறியவை, இரண்டும் வெயிலில் பளபளப்பவை, இரண்டும் நீண்ட அலகை உடையவை. ஆயினும் அவை ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல. நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பையோ கிளையையோ பற்றிக்கொண்டு தேன் அருந்தும். ஹம்மிங் பறவை எதையும் பற்றுவதில்லை. பூவின் முன் அந்தரத்தில் அசையாமல் நின்றபடி குடிக்கும். குடித்து முடித்ததும் பின்பக்கமாகவே பறந்து விலகும். பின்னோக்கிப் பறக்கும் இத்திறமை வேறு எந்தப் பறவைக் குலத்துக்கும் இவ்வளவு கைவந்ததில்லை. உறவு முறையில் பார்த்தால், நம் பனை மரங்களில் குடியிருக்கும் உழவாரன் குருவிதான் அதற்கு நெருங்கிய சொந்தம் என்றால் வியப்பாக இருக்கிறது அல்லவா?

இறக்கையின் ஓசை வண்டின் ரீங்காரம் போலக் கேட்பதால் இதனை ரீங்காரச் சிட்டு என்பர். இன்று இது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே தென் அமெரிக்காவின் கடைமுனை வரை 350க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றுள் கியூபா தீவின் தேனீச் சிட்டு ஏறத்தாழ 2 கிராம் எடையே உடையது. உலகப் பறவைகளிலேயே மிகச் சிறியது அதுதான். பழங்காலத்தில் ஐரோப்பாவிலும் இக்குலம் இருந்தது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ரீங்காரச் சிட்டின் புதைபடிவங்கள் ஜெர்மனியில் கிடைத்ததை 2004இல் அறிவித்தார்கள். நம் நாட்டில் மட்டும் எந்நாளும் இருந்ததாகச் சான்று இல்லை.

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் வாழும் மக்கள் இப்பறவையைத் தங்கள் வீட்டுத் தோட்டத்திற்கு வரவழைப்பதில் பேரார்வம் கொண்டவர்கள். அதற்கு அவர்கள் கையாளும் வழிகளுள் எளியது, சிவப்பு நிறப் புட்டியில் சர்க்கரைத் தண்ணீரைத் தொங்கவிடுவது. சிறந்தது, அந்த மண்ணுக்கே உரிய காட்டுப் பூக்களை வளர்ப்பது. ஏன் இரண்டாவது சிறந்தது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். அதற்கு ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் கிழக்குப் பாதியில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் ரீங்காரச் சிட்டு ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் மாணிக்கக் கழுத்துச் சிட்டு. ஆண் பறவையின் தொண்டை மாணிக்கம் போல் சிவந்து ஒளிரும். இதில் ஒரு வேடிக்கை: அது சாயத்தால் வந்த சிவப்பு அன்று. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாவது. பறவை சற்றே தலையைத் திருப்பினால் மாணிக்கம் மறைந்து கரியாகிவிடும்.

இதன் எடை ஏறத்தாழ 3 கிராம். நாம் கையில் வைத்திருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் எடைதான் இருக்கும். இறக்கை நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அடிக்கிறது. பறக்கும்போது இதயம் நிமிடத்திற்கு 1,200 முறை வரை துடிக்கும். நம் இதயம் 70 அல்லது 80 முறை துடிப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி எரிகின்ற அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் அன்றோ! ஒரு நாளில் தன் எடையில் பாதியளவு சர்க்கரையை இது உட்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காக ஆயிரம் பூக்களுக்கு மேல் சென்று வருகிறது. இரவில் உண்ண முடியாதே, என்ன செய்யும்? குளிர்ந்த இரவுகளில் தன் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு, இறந்ததுபோல் கிளையில் அமர்ந்திருக்கும். அப்போது துடிப்பு நிமிடத்திற்கு 50 அளவுக்கு இறங்கிவிடும். விடியற்காலையில் உடல் நடுங்கி நடுங்கிச் சூடேறிய பின்னரே பறக்கத் தொடங்கும். விழித்ததும் முதல் வேலை பூவைத் தேடுவது. அந்தக் காலை நேரத்தில் பூ இல்லையென்றால் அதன் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தேனை அது எவ்வாறு உறிஞ்சுகிறது என்பதிலும் ஒரு கதை உண்டு. மெல்லிய குழாயில் நீர் தானே ஏறுவதுபோல் அதன் நாவில் தேன் ஏறுகிறது என்றே நூறாண்டுகளுக்கும் மேலாக நூல்கள் கூறி வந்தன. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விரைவுப் படக்கருவியால் பார்த்தபோது அது அவ்வாறு இல்லை என்று 2011இல் தெரிந்தது. நாவின் நுனி இரண்டாகப் பிளந்து, தேனுக்குள் விரிந்து, வெளியே வரும்போது மூடிக்கொண்டு தேனைச் சிறைப்பிடித்து வருகிறதாம். பறவைகளின் நாவுக்குப் பொதுவாக இனிப்பு தெரியாது என்பதும், இப்பறவையிடம் இறைச்சிச் சுவையை அறியும் உறுப்பே மாறி இனிப்பை அறியும் உறுப்பாகியிருக்கிறது என்பதும் 2014இல் வெளியான செய்தி. ஆண்டவனின் படைப்பில் சிறியது என்று எதை ஒதுக்குவது?

இனி இதன் பயணத்திற்கு வருவோம். குளிர்காலத்தை இச்சிட்டு தென் மெக்சிகோவிலும் நடு அமெரிக்க நாடுகளிலும் கழிக்கிறது. இளவேனில் வந்ததும் வடக்கே புறப்படுகிறது. இடையில் மெக்சிகோ வளைகுடா குறுக்கிடுகிறது. கரையோரமாகச் சுற்றி வரும் பறவைகளும் உண்டு. ஆனால் பல பறவைகள் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கடலை ஒரே மூச்சில் தாண்டிவிடுகின்றன. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியே போனாலும் இவ்வளவு தொலைவு இல்லை. அதுவும் இறங்கி இளைப்பாற ஒரு கிளை இல்லாத கடல். புறப்படுவதற்கு முன் தின்று தின்று 3 கிராம் உடலை ஏறத்தாழ 6 கிராமாக்கிக்கொள்ளும். அத்தனை கொழுப்பும் கடலிலேயே கரைந்துவிடும். மறுகரையில் வந்து விழும்போது அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் தென்கரையை அடைந்து, படிப்படியாக ஏறி, மே மாதத்தில் கனடாவின் தென்பகுதி வரை செல்கிறது. ஆண் பறவைகள் முதலில். சில நாள் கழித்துப் பெண் பறவைகள்.

ஆகவே இப்பறவையை அழைக்க விரும்புபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்தப் பூ அழகானது?" என்பதன்று. "அது வந்து இறங்கும் நாளில் எந்தப் பூ மலர்ந்திருக்கும்?" என்பதே. காட்டுப் பூக்களின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. அவை அந்த மண்ணிலேயே பன்னெடுங்காலம் இப்பறவையோடு சேர்ந்து வளர்ந்தவை. அவற்றின் நாட்காட்டியும் பறவையின் நாட்காட்டியும் ஒன்றே.

தென்கரையில் பறவை வந்து சேரும் வேளையில் ரெட் பக்கை என்னும் சிறு மரம் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூக்களோடு நிற்கும். இன்னும் வடக்கே சென்றால் ஏப்ரல், மே மாதங்களில் பாறை இடுக்குகளில் செங்கொலம்பைன் பூக்கும். இது விளக்குப் போலத் தலைகீழாகத் தொங்கும் பூ. வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள். ஐந்து இதழ்களும் பின்பக்கம் நீண்டு ஐந்து குழல்களாகி, ஒவ்வொரு குழலின் நுனியிலும் ஒரு துளி தேனைத் தாங்கியிருக்கும். கீழிருந்து அந்தரத்தில் நின்று அலகை மேலே நீட்டக்கூடிய பறவைக்கே அது எளிதில் எட்டும். இலத்தீனில் 'கொலும்பா' என்றால் புறா. இப்பூவைக் கவிழ்த்துப் பார்த்தால் ஐந்து புறாக்கள் வட்டமாகக் கூடியிருப்பதுபோல் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. ஐரோப்பாவின் பழைய திருச்சபை ஓவியங்களில் இக்குடும்பத்து நீலப்பூவைத் தூய ஆவியின் அடையாளமாக வரைந்திருக்கிறார்கள். புறாவின் பெயர் பெற்ற பூ வேறொரு சிறு பறவைக்கு விருந்து வைப்பது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பூக்கள் இன்னும் போதாத குளிர் வட்டாரங்களில் வேறோர் உதவியும் உண்டு. ஒருவகை மரங்கொத்தி மரப்பட்டையில் வரிசையாகத் துளையிட்டுச் சாறு வடியவிடும். அந்தச் சாற்றையும், அதில் வந்து மொய்க்கும் பூச்சிகளையும் நம் சிட்டு உண்டு காலம் தள்ளும்.

கோடை வந்ததும் விருந்து பெரிதாகிறது. பவழ நிறக் குழல்களோடு ஹனிசக்கிள் கொடி, ஆரஞ்சு நிறத்தில் எக்காளம் போன்ற பூக்களோடு எக்காளக் கொடி, சிவப்புக் குஞ்சம் போன்ற பீ பாம் எனப் பல. புகழ் பெற்ற பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட தம் பெரிய ஓவியத் தொகுப்பில் இச்சிட்டுகளை எக்காளக் கொடியைச் சுற்றிப் பறப்பனவாகவே தீட்டியுள்ளார். பீ பாம் செடிக்குச் சரித்திரத்திலும் இடம் உண்டு. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் ஆங்கிலேயரின் தேயிலையைக் கடலில் கொட்டிய செய்தியை நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். தேநீரை விட்டவர்கள் பலர், ஆஸ்வீகோ வட்டாரத்துப் பழங்குடி மக்கள் பயன்படுத்திய இச்செடியின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். அதனால் இதற்கு ஆஸ்வீகோ தேயிலை என்றும் பெயர்.

எல்லாவற்றிலும் எங்கள் மனத்தைக் கவர்ந்தது கர்தினால் பூவே. கர்தினால்மார் அணியும் அங்கியின் சிவப்பை ஒத்த நிறமுடையதால் இப்பெயர் பெற்றது. ஓடைக் கரையிலும் ஈர நிலத்திலும் இடுப்பளவு உயரம் வளர்ந்து, கோடையின் பிற்பகுதியில் நெடிய கதிர்களாகப் பூக்கும். இதன் குழல் ஆழமானது. தேனீ வந்து அமர்வதற்கு வசதியான இடமும் இல்லை. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியாது; பறவைக்கோ தெளிவாகத் தெரியும். ஆகவே தேன் பறவைக்கென்றே காத்திருக்கும். பதிலுக்குப் பூ ஒரு வேலை வாங்குகிறது. மலர்ந்த புதிதில் அதன் மகரந்தக் குழாய் வளைந்து, குடிக்க வரும் பறவையின் நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் மகரந்தத்தைத் தடவிவிடும். சில நாளில் அதே குழாயின் வழியாகச் சூல்முடி வெளியே நீண்டு வரும். வேறொரு பூவில் பொட்டு வைத்துக்கொண்டு வரும் பறவையின் நெற்றி இப்போது அந்தச் சூல்முடியில் படும். இவ்வாறு மகரந்தம் ஒரு பூவிலிருந்து மறு பூவுக்குச் சேர்கிறது. உயிரியல் பாடத்தில் அயல் மகரந்தச் சேர்க்கை என்று வரையறையாக மனப்பாடம் செய்ததை இங்கே பறவையின் நெற்றியில் காண்கிறோம்.

"இத்தனை சிரமம் எதற்கு? சர்க்கரைத் தண்ணீரே போதுமே!" என்று கேட்போர் உண்டு. புட்டி தவறு என்று சொல்ல முடியாது. நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை சேர்த்தால் பூந்தேனின் இனிப்புக்கு ஏறத்தாழ ஒத்துவரும். தேனீயின் தேன் கூடாது, அது விரைவில் பூஞ்சைக்கு இடங்கொடுக்கும். சிவப்புச் சாயம் கலப்பதும் தேவையில்லை. புட்டியின் நிறமே போதும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டுக் கழுவி மாற்ற வேண்டும். சோம்பல் உடையவர்கள் புட்டி வைக்காமலிருப்பதே பறவைக்கு நல்லது என்பது எங்கள் கருத்து.

ஆனால் சர்க்கரை விறகுதான், உடலை வளர்ப்பதன்று. விருந்தாளிக்குக் கற்கண்டை மட்டும் கொடுத்து அனுப்பினால் அது விருந்தாகுமா? பறவைக்கும் புரதம் வேண்டும். அதற்காக இச்சிட்டு கொசு, சிறு ஈ, அசுவினி, சிலந்தி ஆகியவற்றைப் பிடித்து உண்கிறது. குஞ்சு வளர்க்கும் காலத்தில் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. கூட்டைக் கட்டுவதும் அடைகாப்பதும் ஊட்டுவதும் தாய் ஒருத்தியின் வேலையே. தந்தை எட்டியும் பார்ப்பதில்லை! கூட்டின் அளவு பாதி எலுமிச்சம்பழம். செடிகளின் பஞ்சை வைத்து, சிலந்தி நூலால் இழுத்துக் கட்டி, வெளிப்புறம் மரத்தில் படரும் லைக்கன் துணுக்குகளை ஒட்டிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் கிளையில் ஒரு முடிச்சு என்றே தோன்றும். மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள். குஞ்சுகள் பெரிதாகப் பெரிதாகச் சிலந்தி நூல் விரிந்துகொடுத்துக் கூடும் பெரிதாகும். தாய் ஒவ்வொரு முறையும் பூச்சிகளையும் தேனையும் கலந்து அவற்றின் தொண்டைக்குள் இறக்குகிறது.

அந்தப் பூச்சிகள் எங்கிருந்து வரும்? டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் டாலமி 2007இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் எடுத்துரைத்தார். ஒரு நாட்டின் பூச்சிகள் பெரும்பாலும் அந்த நாட்டுச் செடிகளையே தின்னப் பழகியவை. அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட செடியின் இலை பழுதில்லாமல் பளபளவென்றிருக்கும், தோட்டக்காரர் மகிழ்வார், பறவைக்கு அங்கே உணவு இல்லை. அங்குள்ள ஓக் மரங்களோ நூற்றுக்கணக்கான வகைப் புழுக்களுக்கு உணவளிக்கின்றன. இலையில் ஓட்டை விழுந்த தோட்டமே பறவைக்கு நல்ல தோட்டம் என்றால் நம் அன்னையர் ஒப்புக்கொள்வார்களோ, தெரியவில்லை. பூச்சி மருந்து அடிப்பவர் ஒரே அடியில் குஞ்சின் உணவையும் கூட்டின் நூலையும் அழித்துவிடுகிறார். சிலந்தி வலையைத் துடைப்பத்தால் கலைப்பதையும் தோட்டத்தில் மட்டுமாவது நிறுத்திக்கொள்ளலாம்.

நடும் முறையையும் சிறிது பார்ப்போம். கொலம்பைன் விதைக்குக் குளிர் பட்டால்தான் முளைக்கும் எண்ணம் வரும். ஆகவே இலையுதிர் காலத்திலேயே வெளியே தூவிவிட வேண்டும். கர்தினால் பூவின் விதை தூசி போன்றது, அதை மண்ணால் மூடக்கூடாது. வெளிச்சம் பட வேண்டும், மண் காயவும் கூடாது. பீ பாம் செடிகளை நெருக்கி நட்டால் இலையில் சாம்பல் நோய் வரும். எக்காளக் கொடியோ அடக்கமில்லாதது. வேரிலிருந்து ஆங்காங்கே கிளம்பி வீட்டுச் சுவர் வரை ஏறிவிடும். தொட்டால் சிலருக்கு அரிக்கும். தனியான கம்பத்தில் விடுவதே நலம். ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு நடாமல் கூட்டமாக நட வேண்டும். மேலே பறக்கும் பறவையின் கண்ணில் படுவது தனிப் பூவன்று, நிறத் திட்டு. அத்தகைய திட்டுகளை ஒன்றுக்கொன்று தெரியாதபடி வெவ்வேறு மூலைகளில் அமைப்பது இன்னும் நல்லது. ஏனெனில் இச்சிட்டு உருவத்தில்தான் சிறியது, சண்டையில் பெரியது. ஓர் ஆண் பறவை ஒரு திட்டைத் தனதாக்கிக்கொண்டு வருவோர் அனைவரையும் விரட்டும். மூலைக்கொரு திட்டு இருந்தால் விரட்டப்பட்டதும் பட்டினி கிடக்காது. அருகில் இலையில்லாத ஒரு காய்ந்த குச்சியை விட்டுவைக்க வேண்டும். நாளின் பெரும்பகுதியை அது உட்கார்ந்தே கழிக்கிறது. அடுக்கிதழ்ப் பூக்களாக மாற்றி வளர்த்த வகைகள் கண்ணுக்கு அழகு. ஆனால் இதழ் பெருகியதில் தேனுக்கு வழியில்லாமல் போகும். செடி வேண்டுமென்று காட்டில் போய்ப் பிடுங்கி வருவது மட்டும் கூடவே கூடாது. நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்த்ததையே வாங்க வேண்டும். தோட்டத்துக்குப் பூ கொண்டுவந்து காட்டை வெறுமையாக்கினால் பறவைக்கு என்ன இலாபம்?

தேன் தரும் எந்தப் பூவும் நல்லதுதானே என்ற எண்ணத்தால் நேர்ந்த தீங்கும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஹனிசக்கிளை அழகுக்காக அந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அது வேலி தாண்டிக் காட்டுக்குள் புகுந்து, மரங்களிலும் புதர்களிலும் ஏறி, நாட்டுச் செடிகளுக்கு வெயிலே படாமல் செய்துவிட்டது. நமக்கு இது புதிய கதை அன்று. நம் மலையடிவாரங்களை நிறைத்திருக்கும் உண்ணிச்செடி அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக வந்ததுதானே! அதன் பூவிலும் தேன் உண்டு, வண்ணத்துப்பூச்சியும் வரும், ஆனால் அதன் கீழே புல் முளைப்பதில்லை.

1965இல் அமெரிக்க அதிபராயிருந்த லிண்டன் ஜான்சனின் துணைவியார் லேடி பேர்ட் ஜான்சன் நெடுஞ்சாலை ஓரங்களை அழகுபடுத்தும் சட்டத்துக்கு முன்னின்று உழைத்தார். 1982இல் நடிகை ஹெலன் ஹேய்ஸோடு சேர்ந்து டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் காட்டுப் பூக்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அது இன்று அவர் பெயராலேயே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பகுதியாக நடைபெறுகிறது. எந்த மாநிலத்திற்கு எந்தப் பூ உரியது என்று அறிய விரும்பும் சாதாரண இல்லத்தரசிகளுக்கும் அது வழிகாட்டுகிறது.

இந்த முயற்சிகளுக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 1970க்குப் பின் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அலாஸ்கா வரை செல்லும் செம்பழுப்பு ரீங்காரச் சிட்டு இதே காலத்தில் பாதிக்கும் மேல் குறைந்துள்ளது. காலக்கணக்கும் தவறத் தொடங்கியிருக்கிறது. மேற்கே கொலராடோவின் மலைகளில் அகன்ற வால் சிட்டு என்னும் இன்னோர் இனம் கோடையைக் கழிக்கிறது. பனி உருகியதும் முதலில் பூக்கும் மஞ்சள் அல்லிப் பூவை நம்பி அது வருகிறது. பூமி வெப்பமடைவதால் அங்கே பனி முன்னதாக உருகுகிறது. பூவும் 1970களில் பூத்ததைவிட ஏறத்தாழ 17 நாள் முன்னதாகவே பூத்துவிடுகிறது. பறவையின் வருகை அவ்வளவு வேகமாக மாறவில்லை. பறவை வந்து சேர்வதற்கும் முதல் பூ மலர்வதற்கும் இடையே இருந்த காலம் 13 நாள் சுருங்கிவிட்டதாக 2012இல் எழுதினார்கள். இதே போக்கு நீடித்தால் பறவை வரும்போது முதல் பந்தி முடிந்திருக்கும். தோட்டம் வைப்பவர் பனியை உருகாமல் நிறுத்த முடியாது. ஆனால் முந்திப் பூப்பது, நடுவில் பூப்பது, பிந்திப் பூப்பது என்று பல வகைகளை வைத்தால், ஒன்று தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஒரே வகைப் பூவால் தோட்டத்தை நிரப்புவதை நாங்கள் விரும்பாததற்கு இதுவே காரணம்.

கோடை முடியும்போது எஞ்சியிருக்கும் பூ ஒன்று நமக்குச் சொந்தக்காரி. ஈரமான ஓடையோரங்களில் ஆரஞ்சு நிறத்தில், புள்ளியிட்ட சிறு கூம்பு போலத் தொங்கும் அப்பூவை ஜூவல்வீட் என்பார்கள். இலையின் மீது பனித்துளி மணிபோல் மின்னுவதால் வந்த பெயர் என்பர். இது நம் வீட்டுக் காசித்தும்பையின் உறவு. முற்றிய காசித்தும்பைக் காயைத் தொட்டதும் பட்டென்று வெடித்து விதை சிதறுவதைச் சிறுவயதில் எத்தனை முறை விளையாடியிருக்கிறோம்! அங்குள்ள பிள்ளைகளும் ஜூவல்வீட் காயை அவ்வாறே வெடிக்கச் செய்து விளையாடுகிறார்கள். தோட்டக்காரர் பலர் இதனைக் களை என்று பிடுங்கி எறிகின்றனர். ஆனால் ஆகஸ்டு, செப்டம்பரில் சிட்டுகள் தெற்கே திரும்பும் வாரங்களில்தான் இது நிறையப் பூக்கிறது. கடலைத் தாண்டுவதற்கான கொழுப்பை அவை சேர்த்துக்கொள்ள வேண்டிய நேரம் அது.

திரும்பும் பயணத்தில் ஆண் பறவைகள் முன்னே போய்விடும். பின்னர் தாய்ப் பறவைகள். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் கடைசியில், வழிகாட்ட யாருமின்றித் தனித்தனியே செல்கின்றன. முன்பின் பார்த்திராத கடலை அவை எவ்வாறு தாண்டுகின்றனவோ! கடலைத் தாண்டிய பறவை மறுஆண்டு பழைய தோட்டத்துக்கே வருவதும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் காலில் வளையம் இட்டு விடப்பட்ட ஒரு பெண் சிட்டு 9 வயதைக் கடந்த பின்னும் அங்கே பிடிபட்டது. புட்டியை எடுக்காமல் வைத்திருந்தால் பறவை சோம்பிப்போய்ப் பயணத்தை நிறுத்திவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவ்வாறு நேர்வதில்லை, பகல் குறுகுவதை உணர்ந்தே அவை புறப்படுகின்றன. ஆகவே கடைசிச் சிட்டைப் பார்த்த பின்னும் இரண்டு வாரம் புட்டியை விட்டுவைக்க வேண்டும். ஜூவல்வீட் செடியையும் உறைபனி வந்து கருகும்வரை பிடுங்காமல் விட வேண்டும். வடக்கே கனடாவிலிருந்து பிந்திப் புறப்பட்ட ஒரு குஞ்சு இன்னும் வந்துகொண்டிருக்கலாம்.